வகுப்பறைக்கு வெளியே உள்ள 78 மணி நேரம்: ஒரு பல்கலைக்கழகப் பாடத்தை இயங்கலைக்கு (ஆன்லைனுக்கு) ஏற்ப வடிவமைக்கும் முறை

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் கற்றலுக்குச் செலவிடும் 40 மணி நேரத்தைக் குறிக்கும். ஆகவே மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை எடுப்பவர் அந்தப் பாடத்தோடு 120 மணி நேரம் புழங்க வேண்டும் என்பது கணக்கு. வாரத்துக்கு இரண்டு மணி நேர விரிவுரை, ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு என்று 14 வாரங்கள் கற்பித்தால் நமக்கும் மாணவருக்கும் நேருக்கு நேர் கிடைப்பது 42 மணி நேரம். மீதமுள்ள 78 மணி நேரம் மாணவர் தாமே படிப்பதற்கும், இடுபணி செய்வதற்கும், தேர்வுக்கு ஆயத்தமாவதற்கும் உரியது. பாடத்திட்ட அறிக்கையில் இந்த எண்ணை நாம் எல்லாரும் நிரப்பிக் கொடுக்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டால், கோலாலம்பூரில் தமிழ் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் என்னால் விடை சொல்லியிருக்க முடியாது. நூலகத்துக்குப் போய்ப் படியுங்கள் என்று சொல்வதோடு என் பொறுப்பு முடிந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

மின்னியல் தொழில்நுட்பம் உயர்கல்வியில் கொண்டுவந்திருக்கும் மாற்றம் பெரும்பாலும் இந்த 78 மணி நேரத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தொலைக்கல்வி நமக்குப் புதிதன்று. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே வளாகத்துக்கு வெளியே இருந்து பயில்வோரைச் சேர்த்துக்கொண்டது. அச்சிட்ட பாடத்தொகுப்புகளைப் பெரிதும் நம்பியிருந்த அத்தகைய முறையில், ஆசிரியர் எழுதியது மாணவரை ஒழுங்காகச் சென்றடைந்தது. மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது ஆசிரியரை வந்தடையத்தான் நெடுநாள் பிடித்தது. கணினியும் திறன்பேசியும் இந்தத் திரும்பு வழியைச் சுருக்கியிருக்கின்றன. இயங்கலைப் பாடம் அமைக்கும்போது இதை மறந்து, பேச்சைப் பதிவு செய்து ஏற்றுவதையே வேலையாகக் கொண்டால், பழைய அஞ்சல் வழிக் கல்வியைக் கூடுதல் செலவில் நடத்தியவர்களாவோம்.

தமிழ் இலக்கணம் பற்றிய மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதன் வழிமுறையைச் சொல்கிறேன். வரலாறோ கணக்கியலோ கற்பிப்பவர்கள் தங்கள் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வாரத்துக்கு முன்

கோவிட் பரவலைத் தடுக்க 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நான் வகுப்பறை அட்டவணையை அப்படியே கணினித் திரைக்கு மாற்றினேன். இரண்டு மணி நேர விரிவுரையை இரண்டு மணி நேர நேரலையாக்கி, எல்லாரும் படக்கருவியைத் திறந்து வைக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டேன். மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவி தனியாக அழைத்து, தம் அடுக்குமாடி வீட்டில் ஒரே திறன்பேசியைத் தாமும் தம்பி தங்கையரும் பங்கிட்டுக்கொள்வதாகவும், முன்கட்டணச் சிம் அட்டையின் தரவு புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடுவதாகவும் சொன்னார். அதே ஆண்டு சபாவில் ஒரு மாணவி அலைவரிசை கிடைப்பதற்காக மரத்தின்மேல் இரவு தங்கித் தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. அது காட்டுப்புறத்துச் சிக்கல் என்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது, கோலாலம்பூரின் லெம்பா பந்தாய் அடுக்குமாடிகளிலும் வேறு வடிவில் அதே சிக்கல் இருந்தது.

ஆகவே பாடத்திட்டத்தைத் தொடுவதற்கு முன் மாணவர்களிடம் சிறிய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து விடை பெறுங்கள். எந்தக் கருவியில் படிப்பார், அது அவருக்கு மட்டும் உரியதா, வீட்டில் அருகலை (வைஃபை) உண்டா, எந்த நாளில் எத்தனை மணிக்கு அவருக்கு இடையூறில்லாத நேரம் கிடைக்கும், வேலைக்குச் செல்கிறாரா என்பவை போதும். என் வகுப்பில் பலர் மாலையில் பேரங்காடியில் வேலை செய்பவர்கள். சிலர் கிள்ளானிலிருந்து கொமியூட்டர் இரயிலில் வருபவர்கள். இரயிலில் செல்லும் நேரத்தைத் தங்கள் படிப்பு நேரமாக அவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் ஒலிப்பதிவின் அருமை எனக்குப் புரிந்தது.

இங்கே சிறிய கணக்கு ஒன்று உதவும். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிவான ஒலி, மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் தரவைத்தான் எடுக்கும். நொடிக்கு ஒரு மெகாபிட் அளவில் ஓடும் காணொலி 450 மெகாபைட்டை எடுத்துவிடும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று 14 வாரங்களுக்குப் பெருக்கினால், காணொலிக்கு 12.6 கிகாபைட், ஒலிக்கு ஒரு கிகாபைட்டுக்கும் குறைவு. இது ஒரு பாடத்துக்கு மட்டும். மாணவர் ஐந்து பாடங்கள் எடுத்திருப்பார். வரைபடமோ எழுத்தின் வடிவமோ கண்ணால் பார்க்கப்பட வேண்டிய இடத்தில் காணொலியைப் பயன்படுத்துங்கள். நம் முகம் மட்டும் தெரியும் இடத்தில் ஒலியும் இரண்டு பக்கக் குறிப்பும் போதும்.

எதைப் பதிவு செய்வது, எதை நேரில் வைத்துக்கொள்வது

ஒவ்வோர் ஆண்டும் ஒரே சொற்களில் நாம் விளக்கும் பகுதிகள் பதிவுக்கு உரியவை. குற்றியலுகரத்தின் ஆறு வகைகளைப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் விளக்கி வருகிறேன். அந்த விளக்கத்தை மாணவர் இரயிலிலேயே கேட்டுவிடலாம், புரியாவிட்டால் திரும்பவும் ஓட்டலாம். மாறாக, ஒரு சங்கப் பாடலை வாய்விட்டுப் படித்து, ஒரு சொல்லுக்கு உரையாசிரியர் இருவர் ஏன் வேறு வேறு பொருள் கொண்டனர் என்று விவாதிப்பதற்கு மனிதர்கள் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். அந்த விவாதத்தைப் பதிவில் பார்ப்பது அடுத்தவர் வீட்டு விருந்தைச் சன்னல் வழியாகப் பார்ப்பது போன்றது.

பதிவின் நீளத்தில் கண்டிப்பாக இருங்கள். எட்எக்ஸ் என்னும் இயங்கலைப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 இலட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, காணொலி எவ்வளவு நீளமானாலும் மாணவர் ஒன்றிப் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடங்களைத் தாண்டுவதில்லை என்று காட்டியது. ஒரு கருத்துக்கு ஒரு பதிவு, ஒவ்வொன்றும் ஆறிலிருந்து எட்டு நிமிடம் என்பது என் அளவு. அறையில் மின்விசிறி ஓடும் ஒலியும், கோயில் திருவிழாக் காலத்து ஒலிபெருக்கியும் நாம் நினைப்பதைவிட அதிகமாகப் பதிவாகும். விலையுயர்ந்த படக்கருவியைவிடச் சட்டையில் செருகும் சிறிய ஒலிவாங்கிக்குப் பணம் செலவிடுவது பயனுள்ளது. தவறு நேர்ந்தால் முழுவதையும் மறுபடி பதிவு செய்யாமல், திருத்திச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். வகுப்பறையிலும் அப்படித்தானே செய்கிறோம்.

நமக்காக இதை யாராவது செய்து தருவார்கள் என்று காத்திருப்பது வீண். 2014இல் நம் பொதுப் பல்கலைக்கழகங்களின் பொதுப் பாடங்கள் சிலவற்றைத் திறந்த இயங்கலைப் பாடங்களாக வெளியிட்டபோது, இஸ்லாமிய ஆசிய நாகரிகம், இன உறவு ஆகிய, ஆயிரக்கணக்கானோர் எடுத்தாக வேண்டிய பாடங்களே முன்னுரிமை பெற்றன. அது நியாயமான முடிவுதான். முப்பது நாற்பது பேர் எடுக்கும் தமிழ் இலக்கணப் பாடத்துக்கு அத்தகைய குழு அமையப் போவதில்லை. ஆனால் மூலநூல்களைப் பொறுத்தவரை நாம் வறியவர்கள் அல்லர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகின்றன. பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடையில் கிடைக்காத உரைநூலுக்காகச் சென்னையிலிருந்து வருவோரிடம் சொல்லியனுப்பிய காலத்தை நினைத்தால் இது சிறிய செய்தியன்று.

தமிழ் எழுத்து செய்யும் சோதனை

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இயங்கலைக் கற்பித்தல் கையேடுகள் எதிலும் இந்தப் பகுதி இருக்காது. நம்மை அதிகம் அலைக்கழிப்பதும் இதுவே.

உங்கள் பழைய குறிப்புகளை முதலில் சோதியுங்கள். ஒருங்குறி (யுனிகோடு) பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் ஏதோ ஓர் எழுத்துருவின் தனிக் குறியேற்றத்தில் இருக்கும். உங்கள் கணினியில் அழகாகத் தெரியும் பக்கம், மாணவரின் திறன்பேசியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கூட்டமாகத் தெரியும். பிடிஎஃப் ஆக மாற்றினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியலாம். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேடவோ, நகலெடுக்கவோ, பார்வைக் குறையுள்ள மாணவர் திரைவாசிப்பானைக் கொண்டு கேட்கவோ முடியாது. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கொம்பு உள்ள எழுத்துகளையும் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

தட்டச்சு தெரியாத மாணவரை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துக் கற்றுக்கொடுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவரும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகியிருப்பார். இந்தத் துறையில் நம் நாட்டுக்குச் சிறப்பான இடம் உண்டு: முரசு அஞ்சல், செல்லினம் ஆகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். அஞ்சல் விசைமுறையோ தமிழ்99 முறையோ எதுவானாலும் சரி, ஒன்றில் பழகட்டும். அரை மணி நேரப் பயிற்சியும், நாள்தோறும் ஐந்து வரி எழுதும் பழக்கமும் இரண்டு வாரங்களில் போதுமான வேகத்தைத் தரும். கூகுளின் குரல்வழித் தட்டச்சிலும் தமிழ் உண்டு. ஆனால் இலக்கணப் பாடத்தில் அதை நான் அனுமதிப்பதில்லை. ஒற்று மிகுமா மிகாதா என்பதை மாணவருக்குப் பதிலாக எந்திரம் முடிவு செய்துவிடும்.

சொற்களின் எண்ணிக்கையிலும் விழிப்பு வேண்டும். ‘போகவேண்டியிருந்ததால்’ என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத் துறையினர் கேட்கும் 2,000 சொல் கட்டுரையை நாமும் அதே எண்ணில் கேட்டால், நம் மாணவர் கூடுதலாக உழைக்கிறார். நான் 1,400 சொல் கேட்கிறேன். காரணத்தைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

வினாடி வினா என்னும் கண்ணாடி

78 மணி நேரத்தை நமக்குக் காட்டும் கருவி, வாரந்தோறும் நடத்தும் சிறு வினாத்தாள்தான். மூடில், கூகுள் வகுப்பறை, கல்லூரி தரும் வேறொரு தளம் என்று எதிலும் இதைச் செய்யலாம். இதற்கு ஆய்வு அடிப்படையும் உண்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர் இருவர் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தனர் என்பதையும் கவனியுங்கள். திரும்பப் படித்தவருக்குத் தமக்குத் தெரியும் என்ற எண்ணம் உடனே வந்துவிடுவதும், தேர்வு மண்டபத்தில் அந்த எண்ணம் கைவிட்டுவிடுவதும் இதனால்தான்.

வினாவின் மதிப்பு அதன் தவறான விடைகளில் இருக்கிறது. வல்லினம் மிகும் இடங்களைப் பற்றிய வினாவுக்கு, மனம்போன போக்கில் மூன்று தவறான விடைகளைச் சேர்க்காதீர்கள். மாணவர்கள் உண்மையில் எழுதும் பிழைகளைப் பழைய விடைத்தாள்களிலிருந்து எடுங்கள். ‘நடந்துச் சென்றான்’ என்பது என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் தவறாமல் காணப்படும் பிழை. ‘படித்துப் பார்த்தான்’ என்பதில் ஒற்று மிகுவதைப் பார்த்து, இங்கும் மிகும் என்று அவர்கள் ஊகிக்கிறார்கள். அந்த விடையைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தளம் ‘தவறு’ என்று மட்டும் சொன்னால் பயனில்லை. ‘இறுதி எழுத்துக்கு முன்னால் நிற்பது வல்லின மெய்யா, மெல்லின மெய்யா என்று பாருங்கள்’ என்று ஒரு வரி தோன்றும்படி அமைத்துவிட்டால், இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்து படிப்பவருக்கு அந்நேரத்திலும் ஆசிரியர் கிடைக்கிறார். ஒரு வினாவுக்கு இப்படி எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. முதல் பருவத்தில் வாரத்துக்கு ஐந்து வினா எழுதினால் போதும். அடுத்த பருவத்தில் இன்னும் ஐந்து சேரும்.

மாணவர் விடையைத் தட்டச்சு செய்யும் வகை வினாக்களில் ஓர் எச்சரிக்கை. ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறி கணினிக்குள் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். எல்லா மென்பொருளும் அப்படி நடந்துகொள்வதில்லை. ‘ஔ’ என்னும் உயிரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டுபவரை எந்த மென்பொருளும் மன்னிக்காது. என் வகுப்பில் ஔவையாரைச் சரியாக அறிந்திருந்த நான்கு பேருக்கு ஒருமுறை சுழியம் கிடைத்தது. அவர்கள் முறையிட்ட பிறகே காரணம் விளங்கியது. இத்தகைய விடைகளுக்கு எல்லா வடிவங்களையும் சரியான விடையாக முன்கூட்டியே பதிந்து வையுங்கள், அல்லது தேர்ந்தெடுக்கும் வினாவாக மாற்றிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவில் முடிவுகளைப் பாருங்கள். மூன்றில் ஒரு பகுதியினருக்கு மேல் தவறவிட்ட வினா எதுவோ, திங்கட்கிழமை வகுப்பு அதிலிருந்து தொடங்க வேண்டும். முன்கூட்டியே ஆயத்தம் செய்த படக்காட்சியை மூடி வைப்பதற்கு மனம் வராது. ஆயினும் மூடி வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இடுபணி

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, வீட்டில் எழுதிவரும் கட்டுரைக்கு மட்டும் மதிப்பெண் இடுவது நேர்மையான அளவீடாக இல்லை. தமிழில் அது நன்றாக எழுதாது என்று சில காலம் ஆறுதல் கொண்டிருந்தோம். அந்த ஆறுதல் இப்போது இல்லை; நடை ஓரளவு சீராகவே வருகிறது. ஆனால் பாடல் எண்ணையும் பாடிய புலவரின் பெயரையும் தயங்காமல் இட்டுக்கட்டும் குணம் அதற்கு உண்டு. இந்தக் குறையையே பயிற்சியாக்கலாம். எந்திரம் எழுதிய ஒரு பக்கத்தை மாணவரிடம் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எந்திரத்தை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதை நம் அறிவுரையைவிட அந்த ஒரு மணி நேர வேலை தெளிவாகச் சொல்லிவிடும்.

எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைச் சான்றாகக் கொண்டு எந்த மாணவரையும் குற்றம் சாட்டாதீர்கள். அப்படிப்பட்ட கருவி நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே பிழை செய்யும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், தாமே எழுதிய அறுபது பேரில் மூவர் மீது வீண்பழி விழும். தமிழ் உரைக்கு அதன் நம்பகம் இன்னும் ஐயத்துக்குரியது.

அதைவிட நல்ல வழி, இடுபணியின் வடிவத்தை மாற்றுவது. முதல் வரைவு, திருத்திய வரைவு, எதை ஏன் மாற்றினேன் என்னும் அரைப்பக்கக் குறிப்பு ஆகிய மூன்றையும் கேட்கலாம். அதோடு ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிட வாய்மொழி வினாவையும் சேர்த்துக்கொள்கிறேன். நாற்பது மாணவருக்கு 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம் ஆகிறது. அவ்வாரத்து விரிவுரை பதிவாகவே இருப்பதால் அந்த நேரத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. தாமே எழுதியவர் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுவார்.

எந்திரத்துக்கு எட்டாத தரவைத் தேடச் சொல்வது மற்றொரு வழி. தோட்டத்திலிருந்து நகரத்து அடுக்குமாடிக்கு வந்த தம் பாட்டியிடமோ, செந்தூலில் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த முதியவரிடமோ பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்து, அந்தப் பேச்சில் மலாய்ச் சொற்கள் தமிழ் விகுதி ஏற்கும் விதத்தை ஆராயும்படி ஓர் இடுபணி கொடுக்கிறேன். மாணவர்கள் ஆர்வத்தோடு செய்யும் இடுபணி இதுவே. பதிவுக்கு முன் பேசுபவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒலிக்கோப்பைச் சமூக ஊடகத்தில் போடக்கூடாது என்பதையும் இடுபணித் தாளிலேயே எழுதி வையுங்கள். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களை ஒட்டி எழுந்ததாயினும், ஒப்புதல் பற்றி அது சொல்லும் நெறி நமக்கும் நல்ல அளவுகோல்.

புலனம், விடுமுறை, பருவ இறுதி

புலனக் குழு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும். பாடம் பற்றிய ஐயங்களைத் தளத்தின் கலந்துரையாடல் பகுதியில் கேட்கச் சொல்லுங்கள். அங்கே ஒருவருக்கு எழுதிய விடை நாற்பது பேருக்கும் கிடைக்கும், அடுத்த ஆண்டு வருபவருக்கும் கிடைக்கும். இரவு ஒன்பதுக்கு மேல் விடையளிப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. தைப்பூசம், தீபாவளி வாரங்களில் இறுதி நாள் எதையும் வைக்காதீர்கள். தளம் தானாக இடும் தேதிகள் அந்த வாரங்களிலும் விழும்.

பருவம் முடிந்ததும் மதிப்பெண்ணை ஒப்படைத்துவிட்டுக் கணினியை மூடிவிடாமல், ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். எந்தப் பதிவை யாரும் இரண்டாம் நிமிடத்துக்கு மேல் கேட்கவில்லை, எந்த வினாவை எல்லாரும் சரியாகச் செய்தனர், எது வகுப்பில் விளக்கிய பிறகும் தவறாகவே இருந்தது என்று தளத்தின் பதிவேட்டில் பார்த்து ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் முகமும் குரலும் உள்ள நேரலைப் பதிவுகளை, உங்கள் நிறுவனத்தின் விதி அனுமதித்தால், அழித்துவிடுங்கள். வினா வங்கியைத் தளத்திலிருந்து இறக்கி, உங்கள் சொந்தச் சேமிப்பகத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிகள் தளத்தை மாற்றும்போது ஆசிரியரைக் கேட்டு மாற்றுவதில்லை, மூன்று ஆண்டு உழைப்பை நான் ஒருமுறை அப்படி இழந்திருக்கிறேன்.